வானிலைக் கணிப்பும் நினைவகச் சிக்கனமும்

வானொலியில் நாள்தோறும் ஒலிபரப்பாகும் வானிலை அறிக்கை இரண்டொரு நிமிடத்துள் முடிந்துவிடுகின்றது. நேயர்கள் அதனைக் கேட்டு, குடையை எடுப்பதா, நெல்லைக் காயவிடுவதா, வள்ளத்தைக் கடலில் இறக்குவதா என்று தீர்மானித்துக்கொண்டு தத்தம் வேலையைப் பார்க்கின்றனர். அச்சிறிய அறிக்கைக்குப் பின்னால் உலகத்தின் மிகப் பெரிய கணினிகள் சில இராப்பகலாக இயங்குகின்றன என்பதைப் பலர் அறிவர். அவை மிக வேகமாகக் கணக்குச் செய்ய வல்லன என்பதையும் அறிவர். ஆனால் அக்கணினிகளை ஆள்வோருக்கு வேகத்தைப் போலவே இடமும் ஒரு கவலை என்பது பரவலாகத் தெரிந்த செய்தியன்று. கணக்குக்கு வேண்டிய எண்களை எங்கே வைப்பது? எவற்றை வைத்திருப்பது? எவற்றைத் துணிந்து கைவிடுவது? நினைவகம் என்று கூறப்படும் அவ்விடத்தைச் சிக்கனமாக ஆள்வது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது.

வானிலையைக் கணக்கினால் அறியும் முறை கேட்பதற்கு எளியது. பூமியைச் சூழ்ந்த வளிமண்டலம் முழுவதையும் சிறு சிறு பெட்டிகளாகப் பகுத்துவிட்டதாகக் கற்பனை செய்துகொள்ளவேண்டும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இப்பொழுது வெப்பநிலை எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, காற்று எத்திசையில் எவ்வளவு வேகத்தோடு வீசுகின்றது, ஈரம் எவ்வளவு என்பன எண்களாகக் குறிக்கப்படும். பௌதிக விதிகளின்படி, இன்னும் சில நிமிடத்தில் அவ்வெண்கள் எப்படி மாறும் என்று கணக்கிடலாம். மாறிய எண்களைக் கொண்டு அதற்கடுத்த சில நிமிடத்தைக் கணக்கிடலாம். இவ்வாறு அடி அடியாக நடந்து பத்து நாட்களுக்கு அப்பாற் சென்றுவிடலாம். இயற்கையின் நடத்தையை எண்களினாற் போலச்செய்து பார்க்கும் இதனை மாதிரிக் கணிப்பு எனலாம். வானிலைக்கு மட்டுமன்றி, கப்பலின் அடித்தளத்தைச் சுற்றி நீர் ஓடும் வகையை அறிவதற்கும், நட்சத்திரக் கூட்டங்கள் உருவான வரலாற்றை ஆராய்வதற்கும் இதுவே வழி.

இவ்வழியை முதன்முதலில் முழுமையாக நடந்து பார்த்தவர் லூயிஸ் ஃபிறை றிச்சட்சன் என்னும் ஆங்கிலேயர். 1881 ஆம் ஆண்டிற் பிறந்த இவர் போரை வெறுக்கும் குவேக்கர் சமயத்தவர். ஆயுதம் ஏந்த மறுத்து, முதலாம் உலகப் போரின்போது பிரான்சிலே காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டினார். ஓய்வு கிடைத்த வேளைகளில், குளிர் நிறைந்த தங்குமிடத்தில் வைக்கோற் குவியலே மேசையாக, 1910 மே 20 ஆந் தேதிக்குரிய மத்திய ஐரோப்பாவின் வானிலையைக் காகிதத்திற் கணக்கிட்டார். ஆறு மணி நேர மாற்றத்தை அறிவதற்கு ஏறக்குறைய ஆறு வாரம் சென்றது. விடையோ முற்றிலும் பிழை. உண்மையில் ஏறத்தாழ அசையாது நின்ற அழுத்தம், அவர் கணக்கின்படி 145 மில்லிபார் உயர்ந்திருக்கவேண்டும். போதாக்குறைக்கு, 1917 இல் நடந்த சண்டையொன்றில் அக்கையெழுத்துப் பிரதி காணாமற்போய், சில மாதங்களின் பின் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலொன்றின் கீழிருந்து மீட்கப்பட்டது. றிச்சட்சன் மனந் தளரவில்லை. பிழையான விடையையும் மறைக்காது 1922 இல் தம் நூலில் அச்சிட்டார். பிழை அவருடைய முறையில் அன்று, தொடக்கத்தில் இட்ட எண்கள் தம்முள் இசையாமையாலேயே நேர்ந்தது என்பதைப் பின்னாளில் அயர்லாந்துக் கணித அறிஞர் பீற்றர் லிஞ்ச் மீண்டும் கணக்கிட்டுக் காட்டினார்.

அந்நூலிலே றிச்சட்சன் ஒரு கனவையும் எழுதிவைத்தார். வட்டமான மாபெரும் மண்டபம் ஒன்று. அதன் சுவர்களிலே உலகப்படம். படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே கணக்கெழுதுவோர் அமர்ந்திருப்பர். உலக வானிலையோடு ஒத்து ஓடுவதற்கு 64,000 பேர் வேண்டும் என்பது அவருடைய மதிப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பங்கு வேலை. தாம் கண்ட விடையைச் சிறிய ஒளிப்பலகையிற் காட்டுவர்; அயலில் இருப்போர் அதனை நோக்கித் தம் கணக்கிற் சேர்த்துக்கொள்வர். நடுவே உயர்ந்த மேடையில் நிற்கும் தலைவர், முந்தி ஓடுவோர்மேற் செந்நிற ஒளியும் பிந்தி நிற்போர்மேல் நீல ஒளியும் பாய்ச்சி எல்லோரையும் ஒரு தாளத்தில் நடத்துவார்.

கணினி பிறப்பதற்குப் பல ஆண்டு முன்னர் எழுதப்பட்ட இக்கனவு, இன்றைய சமாந்தரக் கணிப்பின் மெய்யான வரைபடமாக அமைந்திருப்பது வியப்புக்குரியது. ஒரே வேலையைப் பல செயலிகள் பங்கிட்டு ஏக காலத்திற் செய்தலே சமாந்தரக் கணிப்பு. றிச்சட்சனின் மண்டபத்திற் பலரும் கவனியாது விடுகின்ற நுட்பம் ஒன்றுண்டு. அங்கே முழு உலகத்தின் எண்களையும் எவரும் தம் மேசையில் வைத்திருக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் தம் பங்கு மட்டுமே இருந்தது. அயலவர் பங்கில், எல்லையை ஒட்டிய எண்களை மட்டும் வேண்டியபோது எட்டிப் பார்த்தனர். நினைவகச் சிக்கனத்தின் முதற் பாடம் அதுவே.

மனிதர் இருந்த இடத்தில் யந்திரம் வந்தமர்ந்தது 1950 ஆம் ஆண்டில். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து அபடீன் என்னும் இடத்தில் இருந்த எனியாக் என்னும் கணினியில், ஜூல் சானி, றக்னர் ஃபியர்ட்டொவ்ட், ஜோன் வொன் நொய்மன் ஆகியோர் வட அமெரிக்காவின் வானிலையைக் கணக்கிட்டனர். அறையொன்றை நிறைத்து நின்ற அப்பெரும் யந்திரத்தின் உள்ளே ஒரு வேளையில் மாற்றி எழுதக்கூடிய எண்கள் இருபதே. ஒவ்வொன்றும் பத்து இலக்கம் கொண்டது. அவர்களுடைய படத்திலோ 270 புள்ளிகள் இருந்தன. ஒரு வேளையின் படம்கூட யந்திரத்துள் அடங்காது! ஆதலின் ஒவ்வொரு சிறு கணக்கின் முடிவும் துளையிட்ட அட்டைகளாக வெளியே வரும். அவ்வட்டைகளை அடுக்கி, வரிசை மாற்றி, மீண்டும் உள்ளே செலுத்துவர். இந்நுணுக்கமான வேலைக்கு அவர்களைப் பழக்கியவர் வொன் நொய்மனின் மனைவியாராகிய கிளாறா வொன் நொய்மன். ஒரு நாளைய வானிலையைக் கணிப்பதற்கு ஏறக்குறைய ஒரு நாளே சென்றது. அந்நேரத்திற் பெரும்பகுதியைத் தின்றது கணக்கன்று. அட்டைகளைக் கையாண்ட வேலையே. அதே கணக்கைப் பீற்றர் லிஞ்ச் 2008 இல் ஒரு கைத்தொலைபேசியிற் செய்து காட்டியபோது ஒரு விநாடியும் செல்லவில்லை.

இங்கிலாந்தில் றெடிங் நகரில் அமைந்த ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு நிலையம் 1979 இல் தன் முறையான கணிப்புகளைத் தொடங்கியபோது, அதன் கிறே கணினியிடம் 80 இலட்சம் பைட் நினைவகம் இருந்தது. அக்காலத்தில் அது பேரளவு. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் இரண்டு மூன்று நிழற்படங்கள் அவ்விடத்தை நிரப்பிவிடும். அதே நிலையம் 2016 ஆம் ஆண்டிலே பெட்டிகளின் அகலத்தை ஏறக்குறைய 9 கிலோமீற்றராகச் சுருக்கியது. அதன்படி பூமியின்மேல் 65,99,680 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே 137 அடுக்குகள். பெருக்கினால் 90 கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள். வெப்பநிலை ஒன்றையே ஒரு பெட்டிக்கு 8 பைட் வீதம் எழுதிவைத்தால் ஏறத்தாழ 723 கோடி பைட் வேண்டும். காற்றின் இரு திசைக் கூறுகள், நீராவி, முகில் நீர், பனித்துகள், மழைத்துளி என்று ஒவ்வொன்றுக்கும் அதே அளவு. முந்திய அடியின் எண்கள், நடுவிலே தேவைப்படும் தற்காலிக எண்கள் ஆகியனவும் சேரும். அன்றியும் ஒரு கணிப்போடு வேலை முடிவதில்லை. தொடக்க எண்களைச் சிறிது சிறிது மாற்றி 51 கணிப்புகளை ஓடவிட்டு, அவை எவ்வளவு தூரம் ஒன்றுபடுகின்றன என்பதைப் பார்த்தே நம்பத்தக்க அறிக்கை எழுதப்படுகின்றது.

நினைவகத்தை வேண்டிய மட்டும் விலைக்கு வாங்கிவிடலாமே என்று தோன்றும். பணமும் மின்சாரமும் ஒருபுறம் இருக்கட்டும். இன்றைய செயலி கணக்குச் செய்யும் வேகத்தோடு ஒப்பிடுகையில், தொலைவில் உள்ள நினைவகத்திலிருந்து எண் வந்து சேரும் வேகம் மிகக் குறைவு. சமையற்காரர் எத்துணைக் கைவேகம் உள்ளவராயினும், அரிசி பின்வளவுக் களஞ்சியத்திலிருந்து ஒவ்வொரு பிடியாக வருமாயின் அடுப்பின் முன் கைகட்டி நிற்கவேண்டியதுதான். ஆகவே எண்களைக் குறைத்தால் இடம் மட்டுமன்றி நேரமும் மிச்சமாகும்.

சிக்கனத்துக்குத் தடையாகும் முதற் செலவு எல்லைச் செலவு. யாழ்ப்பாணத்துக் காணிகளைக் கண்டோர்க்கு இதனை விளக்குவது எளிது. பாட்டன் காலத்தில் ஒரே வளவாயிருந்த காணி, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சீதனமாகவும் முதுசமாகவும் பிரிக்கப்படும்போது, நிலத்தின் அளவு மாறுவதில்லை. வேலியின் அளவு மட்டும் வளர்ந்துகொண்டே போகின்றது. துண்டு சிறுக்கச் சிறுக்க, நிலத்திலே வேலிக்கும் ஒழுங்கைக்கும் போகும் பங்கு பெருகும். சமாந்தரக் கணிப்பிலும் இதுவே நிகழ்கின்றது. ஒரு செயலி தன் பங்கின் ஓரத்திலுள்ள பெட்டியைக் கணக்கிடவேண்டுமாயின் அயற் பங்கின் ஓரப் பெட்டியை அறிதல் வேண்டும். அதனால் அயலவரின் ஓர எண்களுக்கு ஒரு பிரதி எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். இதனை விளிம்புப் பிரதி எனலாம்.

நூறுக்கு நூறு என்ற சதுரப் பங்கில் 10,000 புள்ளிகள் உள்ளன. சுற்றிலும் ஒரு வரிசை விளிம்பு சேர்த்தால் 10,404. மேலதிகம் நூற்றுக்கு நாலே. பத்துக்குப் பத்து என்ற பங்கில் 100 புள்ளிகள், விளிம்போடு 144. மேலதிகம் நூற்றுக்கு 44 ஆகிவிட்டது. வானிலைக் கணிப்பில் ஒரு வரிசை விளிம்பு போதாது. ஓரிடத்திற் காணும் காற்று, முந்திய அடியில் எங்கே இருந்தது என்று பின்னோக்கித் தேடும் முறையே மேற்சொன்ன நிலையத்திற் கையாளப்படுகின்றது. உயர் வானில் விநாடிக்கு 100 மீற்றர் வேகத்தில் ஓடும் காற்று, ஓர் அடியாகிய 450 விநாடியில் 45 கிலோமீற்றர் கடந்துவிடும். அது ஐந்து பெட்டித் தூரம். ஐந்து வரிசை விளிம்பை எல்லாப் பக்கமும் சேர்த்தால், பத்துக்குப் பத்துப் பங்கு 400 புள்ளிகளாகப் பருத்துவிடும். தனக்கு நூறு, பிறர்க்கு முந்நூறு!

இதற்குக் கண்ட பரிகாரம் மிக இயல்பானது. மேற்கிலிருந்து காற்று வீசும் இடத்திற் கிழக்கு விளிம்பினால் யாது பயன்? எனவே காற்று எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிந்துகொண்டு, மெய்யாகவே தேவைப்படும் புள்ளிகளின் எண்களை மட்டும் அயலவரிடம் கேட்டுப் பெறுமாறு கணிப்பு நிரலை மாற்றினர். அயல் வீட்டில் உப்பு வாங்கச் செல்பவர் உறியையும் பானையையும் தூக்கிவருவதில்லை அன்றோ.

இரண்டாவது செலவு, ஒரே பொருளைப் பலர் தனித்தனியே வைத்திருத்தல். ஞாயிற்றொளியை நீராவி எவ்வளவு உறிஞ்சும் என்பது போன்ற அட்டவணைகள் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவானவை. ஒரே நினைவகத்தோடு இணைந்த 128 செயலிகள் உள்ள கணினியில், ஒவ்வொன்றும் 10 கோடி பைட் அட்டவணையைத் தன் பெயரில் வைத்துக்கொண்டால் 1,280 கோடி பைட் போய்விடும். பொதுவாக ஒன்றை வைத்து எல்லாரும் பார்த்துக்கொண்டால் 10 கோடியோடு நிற்கும். ஒரு வகுப்புக்குக் கரும்பலகை ஒன்று போதும். மாணவர் தலைக்கொரு கரும்பலகை வேண்டியதில்லை. ஆயினும் கரும்பலகையில் ஒருவர் எழுதும்போதே இன்னொருவர் அழிப்பாராயின் குழப்பமே விளையும். வாசிப்பதற்கு மட்டும் உரியவற்றைப் பொதுவில் வைப்பது எளிது. எழுதப்படுபவற்றைப் பொதுவில் வைப்பதற்கு யார், எப்பொழுது எழுதலாம் என்ற ஒழுங்கு வேண்டும். இவ்வொழுங்கைத் தவறவிட்ட நிரல்கள் ஒரு நாள் சரியாகவும் மறுநாள் பிழையாகவும் விடை தந்து, எழுதியவர்களை வாரக்கணக்கில் அலைத்துவிடும்.

மூன்றாவது வழி கணித மனம் படைத்தோர்க்கு மிக இனியது. வைத்திருப்பதா, மீண்டும் செய்வதா என்ற கேள்வி அது. வானிலைக் கணிப்பைத் தொடங்குவதற்கு முன், இப்போதைய நிலைமையைச் செவ்வையாக நிறுவவேண்டும். செய்மதி, கப்பல், விமானம், வானிலை பலூன் ஆகியன வெவ்வேறு நேரத்தில் அளந்தவை எல்லாவற்றோடும் இசையும் ஒரு தொடக்க நிலையைத் தேடவேண்டும். அதற்காக, கணிப்பை ஒரு முறை முன்னோக்கி ஓடவிட்டு, அளவீடுகளோடு எங்கெங்கே முரண்படுகின்றது என்று கண்டு, அம்முரண்பாட்டைக் காலத்திற் பின்னோக்கிக் கொண்டுசென்று, தொடக்கத்தில் எதைத் திருத்தவேண்டும் என்று அறிவர். றெடிங் நிலையம் இம்முறையை 1997 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பின்னோக்கி வருகையில் ஒவ்வோர் அடியிலும், முன்னே சென்றபோது நிலைமை எவ்வாறிருந்தது என்பது தெரியவேண்டும். ஆனால் தேவைப்படும் வரிசையோ தலைகீழ். கடைசி அடி முதலில் வேண்டும். முதலடி கடைசியில் வேண்டும்.

எல்லா அடிகளையும் சேமித்தால் நினைவகம் பொங்கி வழியும். ஒன்றையும் சேமியாவிட்டால், ஒவ்வோர் அடிக்கும் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஓடவேண்டும், காலம் போதாது. 1,024 அடிகள் கொண்ட ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். 32 அடிக்கு ஒன்றாக 32 நிலைமைகளை மட்டும் மைல்கற்கள் போல நிறுத்திவைக்கலாம். பின்னோக்கி வரும்போது கடைசி மைல்கல்லிலிருந்து மறுபடி 32 அடி ஓடி, அவற்றை மட்டும் சேமித்து, பயன்படுத்தி, அழித்துவிட்டு, அதற்கு முந்திய மைல்கல்லுக்குச் செல்லலாம். இவ்வாறாயின் ஒரே நேரத்தில் வைத்திருக்கவேண்டியவை 64 நிலைமைகளே. இடம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்தது. முன்னோக்கிய வேலை இரு மடங்கானது மட்டுமே. மைல்கற்களை இதனினும் நுட்பமாக நிறுத்தும் வழியை யேர்மன் கணித அறிஞர் அன்ட்றெயஸ் கிறீவாங்க் 1992 இல் ஆராய்ந்து வெளியிட்டார். கணக்குச் செய்வது மலிந்து, எண்களைச் சுமப்பது அருமையான இக்காலத்தில், செய்ததையே திரும்பச் செய்வது வீண்வேலையன்று, இலாபமான வேலை.

இதுகாறும் கூறியவற்றில் விடை சிறிதும் மாறவில்லை. இனி வருவது அத்தகையதன்று. எண்களின் இலக்கங்களையே வெட்டிவிடுதல் என்பது விடையோடு விளையாடும் செயல். அதன் ஆபத்தை உலகம் அறிந்தது 1961 இல்.

அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் எட்வேட் லோறன்ஸ் என்னும் வானிலை அறிஞர், பன்னிரண்டு எண்களால் ஆன எளிய வானிலை மாதிரி ஒன்றைச் சிறு கணினியில் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். முன்னர் நடந்த ஓட்டமொன்றின் ஒரு பகுதியைத் திரும்பப் பார்க்க விரும்பி, அச்சிடப்பட்ட தாளிலிருந்த எண்களைத் தொடக்கமாக இட்டுவிட்டுக் கோப்பி அருந்தச் சென்றார். ஒரு மணி நேரத்தின் பின் திரும்பியபோது, யந்திரம் இரண்டு மாத வானிலையைக் கணித்து முடித்திருந்தது. ஆனால் அது பழைய ஓட்டத்தோடு ஒத்துவரவில்லை. தொடக்கத்தில் ஒட்டியே சென்று, மெல்ல விலகி, இறுதியில் இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற வானிலைகளாகிவிட்டன. யந்திரத்திற் பழுது என்றே அவர் முதலில் எண்ணினார். உண்மை வேறு. கணினியின் உள்ளே இருந்த எண் 0.506127, தாளில் இடம் போதாமல் அச்சிடப்பட்டது 0.506. ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த அந்த வேறுபாடு இரண்டு மாதத்தில் உலகத்தையே மாற்றிவிட்டது. 1963 இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை இன்று ஒழுங்கின்மைக் கோட்பாட்டின் தோற்றுவாய்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது.

இவ்வெச்சரிக்கைக்குப் பின் வானிலை அறிஞர் இலக்கங்களை வெட்ட அஞ்சியதில் வியப்பில்லை. பல பத்தாண்டுகளாக, ஒவ்வோர் எண்ணுக்கும் 64 பிட், அதாவது 8 பைட், ஒதுக்கும் வழக்கமே நிலைத்தது. இரட்டைத் துல்லியம் எனப்படும் இம்முறையில் ஏறக்குறைய 16 தசம இலக்கங்கள் நிற்கும். பாதி இடம் கொள்ளும் ஒற்றைத் துல்லியத்தில் ஏறக்குறைய 7 இலக்கங்களே நிற்கும்.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிம் பாமர், பீற்றர் டூபென் ஆகியோர் இவ்வழக்கத்தை வினாவினர். லோறன்ஸின் பாடத்தை அவர்கள் மறுக்கவில்லை, இறுதிவரை கொண்டுசென்றனர். சிறு பிழை பெரும் பிழையாக வளர்வது மெய். ஆனால் தொடக்கத்தில் உள்ள பிழைகளுள் மிகச் சிறியது எது? வெப்பமானி காட்டும் அளவில் பத்தில் ஒரு பாகை அளவேனும் ஐயம் இருக்கும். செய்மதி அளவீட்டில் அதனினும் கூட. சமுத்திரத்தின் நடுவே, அளப்பாரற்ற இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இரண்டாவது இலக்கத்தையே உறுதியாக அறியாதவன் பதினாறாவது இலக்கத்துக்குக் காவல் நிற்பதில் என்ன பொருள்? 51 கணிப்புகளும் வேண்டுமென்றே வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஓடுகின்றன. அவ்வேறுபாட்டோடு ஒப்பிடும்போது இலக்கம் வெட்டியதால் வரும் வேறுபாடு அற்பம்.

வாதம் அழகாயிருந்தாற் போதாது. ஓட்டிப் பார்த்தல் வேண்டும். றெடிங் நிலையத்தார் முழு மாதிரியையும் ஒற்றைத் துல்லியத்தில் ஓட்டி, பழைய முறையோடு ஒப்பிட்டு, 2017 இல் முடிவுகளை வெளியிட்டனர். கணிப்பின் தரம் குன்றவில்லை. ஓட்ட நேரமோ ஏறக்குறைய நூற்றுக்கு 40 குறைந்தது. எனினும் எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு வெட்ட முடியவில்லை. ஒற்றைத் துல்லியத்தில் 1,67,77,216 என்னும் எண்ணோடு 1 ஐக் கூட்டினால் விடை அதே 1,67,77,216. ஒன்று சுவடின்றி மறைந்துபோகும். பேரெண்ணோடு சிற்றெண்ணைப் பலமுறை கூட்டும் இடங்களில், ஒவ்வொரு முறையும் ஒரு சிறு துளி இவ்வாறு காணாமற்போனால், இறுதியிற் குளமே வற்றிவிடும். ஏறக்குறையச் சமமான இரு பேரெண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கும் இடங்களும் அத்தகையனவே: எஞ்சுவது இலக்கங்களின் குப்பை. ஆகவே நிரலை வரி வரியாகத் துருவி, பூகோளத்தைச் சுற்றிய அலைகளைக் கணக்கிடுவதற்குரிய சில அடிப்படை எண்கள் போன்றவற்றை இரட்டைத் துல்லியத்திலேயே விட்டு, ஏனையவற்றைப் பாதியாக்கினர். பழைய ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதுவோன் எந்த எழுத்தை ஐயுறுவது என்று அறிந்திருப்பது போன்ற பொறுமை இதற்கு வேண்டும்.

2021 மே மாதத்தில் இம்முறை அந்நிலையத்தின் அன்றாடக் கணிப்புகளில் நடைமுறைக்கு வந்தது. மிச்சமான நேரத்தையும் இடத்தையும் அவர்கள் பெட்டியிற் பூட்டி வைக்கவில்லை. கூட்டுக் கணிப்புகளில் அதுவரை 91 ஆக இருந்த வளிமண்டல அடுக்குகள் 137 ஆக உயர்த்தப்பட்டன. இலக்கங்களிற் சேமித்தது உயரத்தில் தெளிவாகத் திரும்பி வந்தது. தொடக்க நிலையை நிறுவும் நுட்பமான வேலை மட்டும் அப்போது இரட்டைத் துல்லியத்திலேயே விடப்பட்டது. 2023 ஜூன் மாதத்தில், அதுவரை 18 கிலோமீற்றராயிருந்த கூட்டுக் கணிப்புகளின் பெட்டி அகலமும் 9 கிலோமீற்றராகச் சுருங்கியது. வங்காள விரிகுடாவில் உருவாகும் சூறாவளியும் அதே வலையினுள்ளேதான் கணிக்கப்படுகின்றது. 18 கிலோமீற்றர்ப் பெட்டியில் மங்கலாய்த் தோன்றும் சூறாவளியின் நடுப்பகுதி, 9 கிலோமீற்றர்ப் பெட்டியில் ஓரளவு உருப்பெறும். கரையோரத்தில் வாழும் மீனவனுக்கு இவ்வேறுபாட்டின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

இன்னும் பாதியாக்கினால் என்ன? 16 பிட் மட்டும் கொண்ட அரைத் துல்லியமும் உண்டு. அதில் நிற்பவை ஏறக்குறைய மூன்று இலக்கங்கள். கெல்வின் அளவில் 300 பாகையை அண்டிய வெப்பநிலையைக் கால் பாகைக் கணக்கிலன்றி எழுத முடியாது. அதிலே எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,504. கடல் மட்டத்துக் காற்றழுத்தமோ பாஸ்கல் அளவில் 1,01,325 ஆதலின் அது எழுதவே படாது. மில்லிபாருக்கு மாற்றி 1,013.25 என்று எழுத முயன்றால், அவ்விடத்தில் எண்கள் அரை மில்லிபார் இடைவெளியிலேயே கிடைக்கின்றன. இலங்கை போன்ற அயனவலய நாடுகளில் நாளொன்றுக்கு இருமுறை தவறாது ஏறி இறங்கும் அழுத்த மாற்றமே இரண்டு மூன்று மில்லிபார்தான். ஆனால் ஆயிரத்தை ஓரிடத்தில் ஒரு முறை குறித்துவைத்து, அதற்கு மேற்பட்ட 13.25 ஐ மட்டும் எழுதினால், இடைவெளி நூறில் ஒரு மில்லிபாருக்கும் குறைந்துவிடும். அதே பதினாறு பிட். எழுதும் முறை மட்டுமே வேறு. பேரளவான காற்றோட்டங்களுக்குக் கூடிய இலக்கமும், முன்கூட்டியே ஐயத்துக்குரிய சிற்றளவான அலைகளுக்குக் குறைந்த இலக்கமும் ஒதுக்கும் முறைகளும் ஆராயப்பட்டு வருகின்றன. எந்த எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்ற கேள்வியை, மாதிரியின் ஒவ்வொரு பகுதியிடமும் தனித்தனியே கேட்கும் வேலை நடந்துகொண்டிருக்கின்றது.